ரிமோட் கார் கன்ட்ரோலரைப் பிள்ளைகளின் கைக்கு ஏற்றபடி மாற்றுவது எப்படி?

குடமுருட்டி | ஏப்ரல் 28, இரவு 9.40

வணக்கம். ஊர் பாபநாசம் பக்கம். மகளுக்கு ஏழு வயது. பங்குனித் திருவிழாக் கடையில் அடம்பிடித்து வாங்கிய ரிமோட் கார் ஒன்று வீட்டில் இருக்கிறது. கார் நன்றாகவே ஓடுகிறது. கன்ட்ரோலர்தான் அவளுக்குச் சரிப்படவில்லை. முன்னும் பின்னும் போக இடது பக்கம் ஒரு லிவர், திருப்ப வலது பக்கம் ஒரு லிவர். இரண்டையும் கட்டைவிரலால் தள்ள வேண்டும். அவளுடைய விரல் லிவரின் ஓரத்தைத்தான் தொடுகிறது. பத்து நிமிடம் ஓட்டினால் கையை உதறுகிறாள். இப்போதெல்லாம் கன்ட்ரோலரைத் திண்ணையில் வைத்துவிட்டு, குனிந்து உட்கார்ந்து ஆள்காட்டி விரலால் தள்ளுகிறாள். தலையைத் தூக்கிப் பார்ப்பதற்குள் கார் நெல் மூட்டையில் மோதி நிற்கிறது.

உள்ளே இருக்கும் போர்டை எடுத்துச் சின்ன டப்பாவில் போட்டுவிடலாம் என்று நினைக்கிறேன். சால்டரிங் அயன், மல்டிமீட்டர் இரண்டும் உண்டு. மிக்ஸி, டேபிள் ஃபேன் வரை நானே பார்ப்பேன். இதைச் செய்தவர்கள் யாராவது வழி சொல்லுங்கள்.

மன்னை ரேடியோ | ஏப்ரல் 29, காலை 6.15

இப்போதே ஸ்க்ரூவைக் கழற்றாதீர்கள் சார். முதலில் பிள்ளையின் கையைப் பாருங்கள்.

விரல் எட்டாமல் இருக்கலாம். எட்டினாலும் தள்ளுவதற்குப் பலம் போதாமல் இருக்கலாம். தள்ள முடிந்தும் கன்ட்ரோலரின் கனத்தைத் தாங்க முடியாமல் இருக்கலாம். மூன்றிலும் பிள்ளை கையைத்தான் உதறும். ஆனால் வைத்தியம் வேறு வேறு. டப்பாவைச் சின்னதாக்கினால் எட்டாத குறை தீரும், லிவரின் கடினம் அப்படியே இருக்கும். சின்ன டப்பாவைப் பிடிக்க விரலை இன்னும் மடக்க வேண்டும் என்பதால் வலி கூடவும் செய்யலாம்.

கடினத்தை அளக்க ஒரு வழி. லிவர் படுக்கைவாட்டில் நீட்டிக்கொண்டு நிற்கும்படி கன்ட்ரோலரைச் சுவரோரம் சாய்த்துக் கட்டுங்கள். லிவர் நுனியில் ஒரு சுருக்குப்பையைத் தொங்கவிட்டு, கார் அசையும் வரை பத்து ரூபாய் நாணயங்களை ஒவ்வொன்றாகப் போடுங்கள். பத்து ரூபாய் நாணயம் ஒன்று 7.71 கிராம். எத்தனை விழுந்தது என்று சொல்லுங்கள். கன்ட்ரோலரை செல்லோடு சேர்த்து மளிகைக்கடைத் தராசில் எடை போட்டுவிடுங்கள்.

குடமுருட்டி | ஏப்ரல் 29, மாலை 7.05

செய்துவிட்டேன். மகளும் நாணயம் எண்ண உட்கார்ந்துகொண்டாள். வலது லிவருக்கு 31, இடது லிவருக்கு 26. கன்ட்ரோலர் நான்கு ஏஏ செல்லோடு 215 கிராம்.

மன்னை ரேடியோ | ஏப்ரல் 29, இரவு 9.20

31 நாணயம் என்றால் ஏறக்குறைய 240 கிராம். ஏழு வயதுக் கட்டைவிரலுக்கு, அதுவும் ஓரத்தில் மட்டும் தொட்டுத் தள்ளும் விரலுக்கு, இது அதிகம். லிவருக்குக் கீழே சின்னச் சதுர டேக்ட் ஸ்விட்ச், அழுத்தினால் டிக் என்னும் பொத்தான், இருக்கும் என்று நினைக்கிறேன். 160 கிராம் அழுத்தத்தில் அழுந்துவதும் வரும், 260 கிராமில் அழுந்துவதும் வரும். சில பொம்மைகளில் ஸ்விட்சுக்குப் பதிலாகக் கார்பன் ஒட்டிய ரப்பர் இருக்கும். ரப்பர் பழசானால் இறுகிவிடும், எவ்வளவு அழுத்தினாலும் கார் விக்கி விக்கித்தான் போகும்.

உங்களுக்கு சால்டரிங் வேண்டாம். லிவரை நீளமாக்குங்கள். ஏற்றம் இறைத்த ஊரில் இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை: கம்பு இரண்டு மடங்கு நீண்டால் தள்ளும் விசை பாதியாகும், தள்ள வேண்டிய தூரம் இரண்டு மடங்காகும். மூங்கில் பட்டை ஒன்றை நுனி உருட்டிச் சீவி, லிவரின் மேல் எம்-சீல் வைத்து ஒட்டுங்கள். நேராக மேலே நீட்டாமல் கன்ட்ரோலரின் வெளி ஓரத்தை நோக்கிக் கொஞ்சம் சாய்த்து ஒட்டினால், விரல் எட்டாத குறையும் சேர்ந்து தீரும். ஒட்டுமுன் லிவரின் பிளாஸ்டிக்கை உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். தேய்க்காவிட்டால் எம்-சீல் இரண்டு நாளில் கழன்று விழும்.

கோரையாறு | ஏப்ரல் 30, காலை 8.10

இவ்வளவு பாடு எதற்கு? கையைச் சாய்த்தால் கார் திரும்புகிற கன்ட்ரோலர் இப்போது எங்கும் கிடைக்கிறது. லிவரே இல்லை. என் அக்கா பையன் அதைத்தான் வைத்திருக்கிறான்.

அரசலாறு | ஏப்ரல் 30, பகல் 1.30

கும்பகோணத்தில் பிசியோதெரபி பார்க்கிறேன். சாய்க்கும் கன்ட்ரோலர் சில பிள்ளைகளுக்கு நன்றாக ஒத்துவரும், அதை மறுக்கவில்லை. ஆனால் ஓட்டுகிற நேரம் முழுக்க இரண்டு கையும் அந்தரத்தில் நிற்க வேண்டும், மணிக்கட்டு ஓயாமல் திரும்ப வேண்டும். லிவரைத் தள்ள முடியாத பிள்ளைக்கு அதுவும் சீக்கிரம் வலிக்கும். வாங்கும் முன் கடையிலேயே ஐந்து நிமிடம் பிடிக்கச் சொல்லிப் பாருங்கள்.

குடமுருட்டி சார், உங்கள் மகள் கன்ட்ரோலரைத் திண்ணையில் வைத்து ஓட்டுகிறாளே, நீங்கள் அதைக் குறையாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அது அவளே கண்டுபிடித்த வழியாகப் படுகிறது. கனத்தைத் திண்ணை தாங்கிக்கொண்டது, கட்டைவிரலின் வேலையை ஆள்காட்டி விரல் எடுத்துக்கொண்டது. கட்டைவிரல் நுனியில் போடும் அழுத்தம் அதன் அடிமூட்டில் பல மடங்காகத்தான் போய் இறங்கும். கையை உதறும்போது எந்த இடத்தைப் பிடித்துவிடுகிறாள் என்று பாருங்கள், அநேகமாக அந்த மூட்டாகத்தான் இருக்கும். அவள் செய்ததில் தப்பு ஒன்றுதான், குனிய வேண்டியிருக்கிறது. கன்ட்ரோலருக்கு ஒரு சாய்வுப் பலகை செய்யுங்கள். மடியிலோ பாட்டியின் முக்காலியிலோ வைத்தால் அவள் முகம் காரைப் பார்த்தபடி இருக்கும்.

பிடித்துக்கொண்டே ஓட்ட விரும்பினால் பிடியைத் தடிமனாக்குங்கள். மெல்லிய ஓரத்தைப் பிடிக்கத்தான் விரலுக்கு அதிக பலம் வேண்டும். வீட்டில் மூட்டுவலி உள்ள பெரியவர்கள் இருந்தால் கரண்டிக் காம்பில் துணி சுற்றிக் கொடுத்துப் பாருங்கள், புரியும்.

சாமிமலை மெழுகு | மே 1, காலை 10.00

பிடி என்றதும் எழுதத் தோன்றியது. நாங்கள் சிலைக்கு மெழுகுப் பிரதி பிடிக்கிறவர்கள். தேன்மெழுகும் குங்கிலியமும் கொஞ்சம் கடலை எண்ணெயும் சேர்த்துக் காய்ச்சிய மெழுகு. வெதுவெதுப்பான தண்ணீரில் போட்டால் கோதுமை மாவு போல இளகும். கன்ட்ரோலரின் இரண்டு ஓரத்திலும் இதை அப்பிக் குழந்தையைப் பிடிக்கச் சொல்லுங்கள். அழுத்திப் பிடிக்கச் சொல்லாதீர்கள். சும்மா ஒரு கதை பேசிக்கொண்டே பிடிக்கச் சொல்லுங்கள். அழுத்திப் பிடித்தால் அவள் சிரமப்படும்போது கை எப்படி இருக்குமோ அந்த அச்சுதான் விழும். சும்மா இருக்கும் கையின் அச்சுதான் நமக்கு வேண்டும்.

இந்த மெழுகைப் பிடியாகவே விட்டுவிட முடியாது. சித்திரை வெயிலில் விரல் பட்டுப் பட்டு வடிவம் போய்விடும். அச்சைப் பார்த்து எம்-சீலிலோ மரத்திலோ செய்துகொள்ளுங்கள். பக்கத்தில் மெழுகு கிடைக்காவிட்டால் சலித்த வண்டல் மண்ணைப் பிசைந்து வைத்தாலும் அச்சு விழும். எங்கள் சிலைகளுக்குக் கருக்கட்டுவதும், அதாவது மெழுகின் மேல் மண் பூசி அச்சு எடுப்பதும், காவிரி வண்டலில்தான்.

குடமுருட்டி | மே 6, இரவு 8.50

எல்லோருக்கும் நன்றி. மூங்கில் லிவர் ஒட்டினேன். இப்போது வலது பக்கம் 15 நாணயம், இடது பக்கம் 13. வண்டல் மண்ணில் அச்சு எடுத்து எம்-சீலில் பிடி செய்தேன். கையை உதறுவது நின்றுவிட்டது. சாய்வுப் பலகை செய்து கொடுத்தேன், இரண்டு நாள் வைத்திருந்துவிட்டுப் பிடியே போதும் என்று சொல்லிவிட்டாள். டப்பாவைத் திறக்கவே இல்லை.

வெட்டாறு | மே 9, இரவு 11.15

இந்த இழையை மூன்று நாளாக வாசிக்கிறேன். எங்களுடையது கொஞ்சம் வேறு மாதிரி. திருவாரூர் பக்கம். பையனுக்குப் பத்து வயது. பிறந்ததிலிருந்தே இடது கையில் பிடிமானம் இல்லை. முழங்கை மடங்கும், விரல்கள் நாம் சொன்னபடி விரியாது. வலது கை நல்ல பலம், எழுத்து முத்து முத்தாக இருக்கும்.

லீவுக்கு வந்த சித்தி பிள்ளைகள் ஆளுக்கொரு ரிமோட் கார் கொண்டுவந்திருக்கிறார்கள். அறுப்பு முடிந்த களத்தில் தினமும் பந்தயம். இவன் கார் வைக்க இடம் காட்டுவான், கோடு போடுவான், யார் முதல் என்று சொல்லுவான். ஓட்டுவதில்லை. அவர்கள் கொடுக்காமல் இல்லை, கொடுத்தால் "நீயே ஓட்டு" என்று திருப்பிக் கொடுத்துவிடுகிறான். நேற்று அவர்கள் தூங்கிய பிறகு கன்ட்ரோலரைத் தொடையில் இடுக்கி, ஒரே கட்டைவிரலை இடதிலிருந்து வலதுக்கு மாற்றி மாற்றி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். முன்னே போகச் செய்தால் திருப்ப முடியவில்லை, திருப்பினால் கார் நின்றுவிடுகிறது.

ஒரு கையால், ஒரே நேரத்தில் இரண்டும் செய்ய வழி உண்டா? எனக்கு சால்டரிங் தெரியாது, கற்றுக்கொள்கிறேன். புதிதாக ஒரு கார் வாங்கித்தான் தரப்போகிறேன், எந்த வகை வாங்க வேண்டும் என்பதையும் சொல்லுங்கள்.

மன்னை ரேடியோ | மே 10, காலை 5.50

வழி உண்டு தம்பி. விடிந்ததும் எழுத உட்கார்ந்துவிட்டேன், நிதானமாக வாசியுங்கள்.

விலை மலிவான, லிவர் வைத்த காரையே வாங்குங்கள். மலிவான கன்ட்ரோலருக்குள் சூட்சுமம் குறைவு, நமக்கு அதுதான் வசதி. அதில் ஒவ்வொரு திசைக்கும் ஒரு ஸ்விட்ச், அவ்வளவுதான். நிறைய பொம்மைகளில் டிஎக்ஸ்-2பி என்ற 14 கால் ஐசி (போர்டில் இருக்கும் கறுப்புச் சில்லு) இருக்கும், காருக்குள் அதன் ஜோடி ஆர்எக்ஸ்-2பி. முன்னே என்றால் 10 துடிப்பு, பின்னே என்றால் 40, இடது 58, வலது 64 என்று எண்ணி அனுப்பும். கார் அந்த எண்ணிக்கையைப் படித்து ஓடும். துடிப்பை அனுப்பச் செய்வது ஐசியின் காலை பேட்டரியின் நெகட்டிவோடு தொடவைப்பது மட்டும்தான். கட்டைவிரல் தொடவைத்தாலும் சரி, முழங்கை தொடவைத்தாலும் சரி, ஐசிக்கு எல்லாம் ஒன்றுதான். அதனால் அந்த இரண்டு லிவரும் நமக்குத் தேவையே இல்லை.

கேம் கடைகளில் பெரிய மிஷினில் ஒரு குச்சியும் உருண்டையும் இருக்குமே, ஆர்கேட் ஜாய்ஸ்டிக், அதை வாங்குங்கள். எலக்ட்ரானிக் சாமான் விற்கும் ஆன்லைன் கடைகளில் சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கும். உள்ளே நான்கு மைக்ரோ ஸ்விட்ச். குச்சியை மூலைவாட்டில் சாய்த்தால் இரண்டு ஸ்விட்ச் ஒன்றாக அழுந்தும். முன்னே போய்க்கொண்டே இடது பக்கம் திரும்புவது அந்த மூலையில்தான் இருக்கிறது. எட்டுத் திசை என்று கேட்டு வாங்குங்கள். நான்கு திசை மட்டும் உள்ளதில் மூலைக்குச் சாயாது.

ஒயர் ஐந்து. நான்கு ஸ்விட்சிலும் 'காம்' என்ற பொதுக் காலை ஒன்றாக இணைத்து நெகட்டிவுக்கு ஒரு ஒயர். 'என்ஓ' என்ற காலிலிருந்து, அழுத்தினால் மட்டும் காமோடு சேருவது அது, திசைக்கு ஒன்றாக நான்கு ஒயர். போர்டில் பழைய ஸ்விட்சின் இரண்டு முனையில் எது நெகட்டிவோடு பேசுகிறது என்று மீட்டரில் கன்டினியூட்டி (தொடர்பு இருக்கிறதா என்று) பாருங்கள், பேசாத முனையில்தான் என்ஓ ஒயர் போக வேண்டும். டிஎக்ஸ்-2பி என்றால் 3வது கால் நெகட்டிவ், 5 முன்னே, 4 பின்னே, 14 இடது, 1 வலது. வேறு ஐசியாக இருந்தால் இந்த எண்கள் பொருந்தாது, அதனால் மீட்டரை நம்புங்கள். ஒயர் ஒரு அடிக்கு மேல் வேண்டாம், ஐந்தையும் பின்னி விடுங்கள்.

சால்டரிங் பழக்கத்துக்கு முதலில் பழைய எஃப்எம் ரேடியோ போர்டு ஒன்றில் இருபது இடத்தில் வைத்துப் பாருங்கள். அயன் முனை ஒரே இடத்தில் மூன்று விநாடிக்கு மேல் நிற்கக் கூடாது.

அரசலாறு | மே 10, காலை 9.40

வெட்டாறு தம்பி, மன்னை ஐயா சொன்னதோடு இரண்டு வார்த்தை. குச்சியின் உருண்டையை விரலால் பிடிக்காமல் உள்ளங்கையை மேலே வைத்துச் சாய்க்கும்படி அமையுங்கள். வேலையைத் தோளும் முழங்கையும் பார்த்துக்கொள்ளும். வலது கைதான் அவனுக்கு எழுதவும் சாப்பிடவும், அதை ஒரு விளையாட்டுக்காகக் களைக்க விடக் கூடாது. இன்னொன்று, குச்சி எந்த உயரத்தில் எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்று அவனிடமே கேளுங்கள். அன்று ராத்திரி யாரும் பார்க்காதபோது அவனே பாதி சோதனையைச் செய்துவிட்டான்.

வெட்டாறு | மே 22, இரவு 10.30

சாமான் வந்தது. பழைய ரேடியோ போர்டில் பழகினேன். பொம்மை போர்டில் 'பின்னே' ஸ்விட்சைக் கழற்றும்போது அதன் கீழே இருந்த செம்புத் தடம் பிய்ந்து மேலே வந்துவிட்டது. அன்று ராத்திரி தூக்கம் இல்லை. மறுநாள் எப்படியோ மற்ற மூன்று ஒயரும் வைத்தேன். கார் ஓடியது. ஆனால் குச்சியை முன்னே தள்ளினால் பின்பக்க ஸ்விட்ச் அழுந்துகிறது! நான் முன்பக்க ஸ்விட்சில்தான் 'முன்னே' ஒயரை வைத்தேன். ஜாய்ஸ்டிக் பழுதா?

மன்னை ரேடியோ | மே 23, காலை 6.00

பழுது இல்லை. குச்சி நடுவில் அச்சில் நிற்கிறது, மேல் நுனி முன்னே போனால் அடி நுனி பின்னே போகும். ஸ்விட்ச் இருப்பது அடியில். அதனால் எதிர்ப்பக்க ஸ்விட்ச்தான் அழுந்தும். முன்னுக்குப் பின்னும், இடதுக்கு வலதுமாக ஒயரை மாற்றிக்கொள்ளுங்கள்.

பிய்ந்த தடத்துக்குக் கவலை வேண்டாம், எல்லோருக்கும் முதல் போர்டில் நடக்கிறதுதான். அந்தத் தடம் எங்கே போகிறது என்று தொடர்ந்து பாருங்கள், ஐசியின் காலில் போய் நிற்கும். வழியில் பச்சைப் பூச்சை பிளேடால் இரண்டு மில்லிமீட்டர் சுரண்டினால் செம்பு பளபளக்கும். அங்கே ஃப்ளக்ஸ் (ஈயம் பிடிக்க உதவும் பசை) தொட்டு ஒயரை வையுங்கள். வைத்த பிறகு ஒயரின் மேல் ஹாட் க்ளூ ஒரு சொட்டு விட்டு அசையாமல் செய்யுங்கள். அடுத்த முறை ஒயரை இழுத்தால் க்ளூவோடு நிற்கும், தடம் வரை போகாது.

வெட்டாறு | மே 26, மாலை 6.20

நான்கு திசையும் வேலை செய்கிறது. பலாப்பலகை ஒன்றில் ஜாய்ஸ்டிக்கைப் பதித்து, அடியில் சைக்கிள் டியூப் வெட்டி ஒட்டினேன், மடியில் வழுக்கவில்லை. முதல் முறை எட்டுப் போட்டான். அவன் அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து வாசலில் நின்றாள்.

ஒரு சிக்கல். முன்பு களத்தின் அந்தக் கோடி வரை போன கார் இப்போது பாதியில் நின்றுவிடுகிறது. செல் புதிது. போர்டைப் பலகைக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் வைத்திருக்கிறேன். ஏரியலை இழுத்துவிட்டுத்தான் ஓட்டுகிறான். காரின் அடியில் 27 என்று போட்டிருக்கிறது.

மன்னை ரேடியோ | மே 26, இரவு 9.00

27 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறக்குறைய 11 மீட்டர். அதில் கால் பங்கு என்றாலும் ஏரியல் 2¾ மீட்டர் வேண்டும். பொம்மையில் இருப்பது ஒரு அடிக் கம்பி. அந்தக் குறையைப் போர்டில் உள்ள சுருளும், கன்ட்ரோலரைப் பிடித்திருக்கும் நம் கையும் உடம்பும் சேர்ந்து ஈடுகட்டுகின்றன. நீங்கள் போர்டைக் கையிலிருந்து பிரித்து மரத்துக்கு அடியில் வைத்துவிட்டீர்கள், உடம்பின் உதவி போய்விட்டது.

அடுப்படியில் அலுமினியத் தாள் இருந்தால், உள்ளங்கை அகலத்துக்கு வெட்டிப் பலகையின் அடியில் ஒட்டி, அதிலிருந்து ஒரு ஒயரை பேட்டரி நெகட்டிவுக்குக் கொடுங்கள். அலுமினியத்தில் ஈயம் ஒட்டாது, ஒயரை ஸ்க்ரூ வைத்து இறுக்குங்கள். ஏரியல் கம்பி பலகையை ஒட்டிப் படுக்காமல் நேராக நிற்கட்டும். ஏரியலை மாற்றவோ பவரைக் கூட்டவோ போகாதீர்கள், இந்த அலைவரிசையில் லைசென்ஸ் இல்லாமல் விட்டிருப்பது குறைந்த சக்திக்கு மட்டும்தான்.

இழையை வாசிக்கும் மற்றவர்களுக்கு: உங்களுடையது 2.4 கிகாஹெர்ட்ஸ் என்றால் இது பொருந்தாது. அதில் ஏரியல் 31 மில்லிமீட்டர் அளவில் ஒரு துண்டு ஒயராகவோ போர்டிலேயே வளைந்த கோடாகவோ இருக்கும். அதை வெட்டவும் நீட்டவும் கூடாது, உலோகத்தால் மூடவும் கூடாது.

வெட்டாறு | மே 28, இரவு 8.00

அலுமினியத் தாள் வைத்ததும் கார் களத்தின் அந்தக் கோடிக்குப் போய்விட்டது. நன்றி ஐயா.

ஆனால் மகன் முகத்தில் முழுச் சந்தோஷம் இல்லை. இன்று காலையில் சொன்னான்: "அப்பா, அவங்க எல்லாம் காருக்குப் பின்னாலயே ஓடுறாங்க. நான் மட்டும் உட்கார்ந்திருக்கேன்." பலகை மடியில் இருக்கும் வரை அவன் எழுந்திருக்க முடியாது. எடை போட்டேன், பலகையோடு 1 கிலோ 100.

தவில்வீட்டுப் பிள்ளை | மே 29, காலை 7.25

அண்ணே, தோளில் தொங்கவிடுங்கள். எங்கள் அப்பா தவிலை வாரில் மாட்டிக்கொண்டு நான்கு வீதியும் சாமி புறப்பாட்டில் நடந்தே வாசிப்பார். அவ்வளவு கனம் தோளில் நிற்கும், இரண்டு கையும் வாசிப்புக்கு விட்டுவிடும். உங்கள் பலகைக்கும் அதே போல வார் போடுங்கள். இரண்டு மேல் மூலையிலும் வளையம் வைத்து வாரைக் குறுக்காகப் போட்டு, கீழ் ஓரம் வயிற்றில் பதிய வேண்டும். குச்சியைத் தள்ளும்போது பலகை ஆடாமல் இருக்க இடுப்பில் இன்னொரு நாடா.

பலாப்பலகை பத்து வயதுப் பிள்ளைக்குக் கனம். ஜாய்ஸ்டிக் நிற்கிற இடத்தில் மட்டும் கையகல ஒட்டுப்பலகை போதும். மற்ற உடம்பை நெட்டியில், நீர்ச்செடியின் வெள்ளைத் தண்டு அது, செய்யுங்கள். தஞ்சாவூரில் நெட்டியில் பெரிய கோயிலையே செய்து கண்ணாடிப் பெட்டியில் வைக்கிறார்கள், கையில் எடுத்தால் கனமே தெரியாது. நெட்டி தனியாக இருந்தால் நொறுங்கும், அதற்கு ஒரு வழி இருக்கிறது. தவில்காரர்கள் விரலில் போடும் கூட்டைப் பார்த்திருப்பீர்கள். துணிக் கீற்றில் பசை தடவிச் சுற்றிச் சுற்றிக் காயவைத்தது, கல் போல இருக்கும். நெட்டியின் மேல் பழைய வேட்டித் துணியை அதே போலப் பசை தடவி மூன்று சுற்றுச் சுற்றுங்கள். ஒவ்வொரு சுற்றும் நன்றாகக் காய்ந்த பிறகுதான் அடுத்தது.

அரசலாறு | மே 29, பகல் 2.10

தவில் வார் நல்ல யோசனை. வார் இடது தோளில் ஏற வேண்டாம், வலது தோளிலிருந்து இடது இடுப்புக்கு வரட்டும். ஓடும்போது இடது தோள்பட்டை இறுகாமல் இருக்க வேண்டும். வார் கழுத்தில் மாலை போல விழக் கூடாது, கனம் முழுவதும் பிடரியில் இறங்கும். இரண்டு விரல் அகலத்துக்குக் குறையாத துணிப்பட்டையாகப் பாருங்கள்.

இடது கைக்கு என்ன வேலை என்று அவனிடம் ஒரு முறை கேட்டுப் பாருங்கள். பலகையின் இடது ஓரத்தில் முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் நடுப்பகுதி சாய ஒரு மெத்தை வைத்தால், அந்தக் கையே பலகையை அமுக்கிப் பிடிக்கும். விரல் விரிய வேண்டியதில்லை. அவனைப் பார்க்கிற தெரபிஸ்டிடமும் காட்டிவிடுங்கள், நான் நேரில் பார்க்காமல் சொல்கிறேன்.

வெட்டாறு | ஜூன் 14, இரவு 9.45

பள்ளிக்கூடம் திறந்துவிட்டது, சித்தி பிள்ளைகள் ஊருக்குப் போய்விட்டார்கள். ஆனாலும் போன ஞாயிறு வரை நடந்ததை எழுத வேண்டும்.

நெட்டி கிடைக்க தஞ்சாவூர் வரை போனேன். கைவேலை செய்கிறவர் ஒருவர் துண்டு துண்டாக மிஞ்சியதை ஒரு பையில் போட்டுக் கொடுத்தார், காசு வாங்கவில்லை. பசைத் துணி மூன்று சுற்று, ஆறு நாள் வெயில். செல்லை பலகையில் வைக்காமல் இடுப்பு நாடாவில் ஒரு சின்னப் பையில் வைத்தோம். மொத்தம் பலகை மட்டும் 480 கிராம். அதில் ஜாய்ஸ்டிக்கின் கனம்தான் பெரும்பங்கு.

குச்சியின் இடம் மூன்று முறை மாறியது. நான் நடுவில் வைத்தேன். அவன் வலது ஓரத்துக்குத் தள்ளச் சொன்னான். வைத்த பிறகு, குச்சி நேராக நிற்க வேண்டாம், வெளிப்பக்கமாகக் கொஞ்சம் சாய்ந்து நிற்கட்டும் என்றான். முழங்கையை உடம்போடு வைத்தால் உள்ளங்கை இயல்பாகவே சாய்ந்துதான் விழுகிறது, அவன் சொன்ன பிறகுதான் நான் என் கையைப் பார்த்தேன். பலகைக்கும் ஜாய்ஸ்டிக் தகட்டுக்கும் நடுவில் ஆப்பு வைத்துச் சாய்த்தோம். சிவப்பு உருண்டையைக் கழற்றிவிட்டு, அவன் அம்மா பழைய மோர் மத்தின் தலையைத் தேய்த்துப் பதித்தாள். உள்ளங்கை அதில் அப்படியே உட்காருகிறது.

இடது கை மெத்தையில் இருக்கிறது. முதல் நாள் இரண்டு முறை நழுவியது, மறுநாள் மெத்தைக்கு ஒரு விரல் உயரத்துக்குக் கரை கட்டினோம். அதன் பிறகு நழுவவில்லை.

பந்தயத்தில் மூன்றாவதாக வந்தான். நான்கு கார். காருக்குப் பின்னாலேயே ஓடினான்.

வேதை உப்பு | ஜூன் 15, காலை 6.30

படித்துவிட்டு மனம் நிறைந்துவிட்டது. வேதாரண்யம் பக்கம் என்பதால் எனக்குத் தெரிந்த ஒன்றைச் சொல்லி வைக்கிறேன். கடல் காற்று உங்கள் ஊர் வரைக்கும் வரும். செல் பெட்டியின் ஸ்பிரிங்கும் ஸ்விட்சின் காலும்தான் முதலில் துருப்பிடிக்கும். விளையாடி முடித்ததும் செல்லைக் கழற்றி வைக்கச் சொல்லுங்கள். செல் கசிந்துவிட்டால், ஆல்கலைன் செல்லின் வெள்ளைப் படிவை எலுமிச்சைச் சாறு தொட்ட துணியால் துடைக்கலாம், அது காரம். மலிவான சாதா செல்லின் கசிவு அமிலம், அதற்குச் சமையல் சோடாவைத் தண்ணீரில் குழைத்துத் துடைக்க வேண்டும். எதுவானாலும் கடைசியில் நல்ல தண்ணீர்த் துணியால் ஒற்றி, வெயிலில் காயவைத்த பிறகே செல் போட வேண்டும். பிள்ளைகள் கையால் தொடக் கூடாது.

மன்னை ரேடியோ | ஜூன் 15, இரவு 9.10

வெட்டாறு தம்பி, இன்னொரு வேலை செய்து வையுங்கள். ஒயரை நேராக போர்டில் வைத்திருக்கிறீர்கள். டப்பாவின் ஓரத்தில் நான்கு 3.5 மில்லிமீட்டர் ஜாக் பதித்து, ஒவ்வொரு திசையையும் அதன் வழியாகக் கொண்டுவாருங்கள். ஹெட்போன் செருகுகிற அதே ஓட்டைதான். கைகால் வசதிக் குறைவு உள்ளவர்களுக்காகச் செய்கிற ஸ்விட்சுகள் பெரும்பாலும் இந்த ஜாக்கில்தான் வருகின்றன. மைக்ரோசாஃப்ட் 2018ல் விட்ட எக்ஸ்பாக்ஸ் அடாப்டிவ் கன்ட்ரோலரின் முதுகில் இதே ஓட்டை 19 இருக்கிறது. நாளைக்கு அவன் வளர்ந்து வேறு இடத்தில் வேறு ஸ்விட்ச் கேட்டால், பிடுங்கிச் செருகினால் போதும். போர்டில் மறுபடி ஈயம் வைக்க வேண்டாம், அந்தத் தடம் இன்னொரு சூட்டைத் தாங்காது.

குடமுருட்டி | ஜூன் 17, இரவு 8.15

என் மகள் இந்த இழையை வாசித்துக் காட்டச் சொல்லிக் கேட்டாள். வெட்டாறு தம்பி மகனின் பலகையைப் படம் வரைந்து வைத்திருக்கிறாள். அந்த மத்துத் தலையை மட்டும் மிகப் பெரிதாகப் போட்டிருக்கிறாள்.

வெட்டாறு | ஆகஸ்ட் 4, மாலை 5.50

ஜாக் நான்கும் பதித்துவிட்டேன் ஐயா. நேற்று ஆடிப்பெருக்கு. தெருப் பிள்ளைகள் சப்பரம் இழுத்துக்கொண்டு ஆற்றுக்குப் போனார்கள். இவன் மிச்சம் இருந்த நெட்டியில் ஒரு சாண் உயரத்துக்குச் சப்பரம் செய்து, காரின் பின்னால் நூலில் கட்டி ஓட்டிக்கொண்டு போனான். தெருமுனைத் திருப்பத்தில் காரின் பின்சக்கரம் மண்ணில் சுற்றிக்கொண்டே நின்றது. சைக்கிள் டியூபிலிருந்து இரண்டு வளையம் வெட்டி மாட்டினான், அதன் பிறகு படித்துறை வரை இழுத்தது.

இப்போது ஒரு சந்தேகம். குச்சி இடது பக்கம் போனால் நடுவுக்குத் திரும்பி வரத் தாமதமாகிறது, கார் கொஞ்ச நேரம் இடதுக்கே போகிறது. ஸ்விட்சைத் தனியாக அழுத்தினால் சரியாக இருக்கிறது. குச்சியின் அடியில் உள்ள ஸ்பிரிங்கை மாற்ற வேண்டுமா, இல்லை ஆற்று மணல் புகுந்திருக்குமா? திறப்பதற்கு முன் கேட்டுக்கொள்ளலாம் என்று எழுதுகிறேன்.

மன்னை ரேடியோ | ஆகஸ்ட் 4, இரவு 9.30

மணல்தான். ஸ்பிரிங் தளர்ந்தால் எல்லாப் பக்கமும் மெதுவாகும், ஒரு பக்கம் மட்டும் ஆகாது. அடியில் உள்ள பூட்டு வளையத்தைக் கழற்றும்போது ஒரு துணியை விரித்து அதன் மேல் செய்யுங்கள், ஸ்பிரிங் எகிறும். காய்ந்த பல் பிரஷால் தட்டிவிட்டு, எண்ணெய் விடாமல் மூடுங்கள். எண்ணெய் விட்டால் மணல் அதிலேயே ஒட்டிக்கொள்ளும். குச்சி வெளியே வரும் ஓட்டையைப் பலூன் ரப்பர் வெட்டி மூடிவிட்டால் அடுத்த ஆடிக்கும் தாங்கும்.